ஃபிளாஸ்கை எதால் அலசுவது?

என் எழுத்தைப் படித்து அச்சுக் கோர்க்கிற தம்பியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று எனக்கே தெரியும். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாரா வாரம் இந்தப் பத்தியை நீங்கள் பிழையில்லாமல் படிக்கிறீர்கள் என்றால் அது அவர் புண்ணியம்.

இந்த வாரம் அவருக்குக் கஷ்டம் இன்னும் அதிகம். எழுதுவதும் அடிப்பதுமாக நாலு தாள் வீணாகிவிட்டது...

போன வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி அசோசியேஷன் தொடக்க விழா. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன் — நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். பாட்டில் கழுவுவது, ஆசிட் நிரப்புவது, உடைந்த கண்ணாடியைப் பெருக்குவது. பதினாறு வருஷமாக இதுதான் வேலை.

விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டார்கள். ஒரு மாணவர் மைக்கைப் பிடித்து, "நம்ம அரை புரொபசர் அண்ணனுக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியே கிடையாது!" என்றார். ஒரே கைதட்டல்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். காது இரண்டும் எரிந்தது. முன்வரிசையில் ஒரு லெக்சரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மனுஷன் எவ்வளவு அடக்கம் பாருங்க!"

அடக்கம் இல்லை சார். வெட்கம். இரண்டுக்கும் தலை ஒரே மாதிரிதான் குனிகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஏன் வெட்கம்? அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

'அரை புரொபசர்' என்ற பெயர் எனக்குப் புதிதாக வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே வந்துவிட்டது. ஒரு நாள் ஷெல்ஃபில் ஒரு பாட்டிலின் லேபிளை ஆசிட் தின்றுவிட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு நீல லிட்மஸ் துண்டைக் கிழித்து நனைத்தேன். சிவப்பானது. "ஆசிட் சார்" என்றேன். அவ்வளவுதான். பின்னால் நின்ற பி.யு.சி. — புகுமுக வகுப்பு — பையன்கள், "டேய், அரை புரொபசர்டா!" என்று கத்தினார்கள்.

கேலிதான். ஆனால் எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன்?

நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான். கல்யாண வீட்டில்கூட இரண்டாவது தடவை சோறு கேட்க மாட்டேன். அப்படிப்பட்டவனை நூறு பையன்கள் அண்ணா, அண்ணா என்று சுற்றி வந்து சந்தேகம் கேட்டால்? படிக்காதவனுக்குப் பட்டம் கொடுத்துப் பாருங்கள். அதைக் காப்பாற்ற அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான்.

சரி, எனக்கு அப்போது என்னதான் தெரியும்? நீல லிட்மஸைச் சிவப்பாக்கினால் ஆசிட். சிவப்பை நீலமாக்கினால் ஆல்கலி. புத்தகத்தில் அதன் குடும்பத்துக்கே 'பேஸ்' என்று பெயர். ஆசிட் இடது ஷெல்ஃப், ஆல்கலி வலது ஷெல்ஃப். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது? எதற்காக ஒன்றை ஒன்றில் சொட்டு சொட்டாக விடுகிறார்கள்? தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். அரை புரொபசர் போய்க் கேட்பானா?

அடுத்த வருஷம் பி.யு.சி.யில் தேவராஜ் என்று ஒரு பையன். கூடுவாஞ்சேரியிலிருந்து பாசஞ்சரில் வருவான். ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்து வழித்த தலை. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவன். இங்கே எல்லாம் இங்கிலீஷ். லெக்சரர் கேள்வி கேட்டால் பையன் எழுந்து நிற்பான், பதில் வராது. அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும். என் ஜாதி — பேச்சு வராத ஜாதி.

அவன் அப்பா கூடுவாஞ்சேரியில் ஒரு அரிசி மில்லில் கணக்கப்பிள்ளை. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பி.யு.சி.யில் முதல் தடவையே பாஸ் செய்தால் பி.எஸ்ஸி. ஒரு பேப்பர் போனாலும் மில்லுக்கு வந்துவிட வேண்டும். பையனுக்கோ கெமிஸ்ட்ரி மேல் அப்படி ஒரு ஆசை. நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டைப் பார்க்கும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்பான்.

பிராக்டிகல் பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம். நான் மறுநாளைக்காக பியூரெட்டுகளை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். தேவராஜ் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா... ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே?"

"கேளுடா."

"வருஷம் பூரா ஜோடி ஜோடியாத்தானேண்ணா செஞ்சோம்? கழுவறதெல்லாம் கூட இருந்த பையன் பாத்துப்பான். நான் சொட்டு விடுவேன், ரீடிங் எடுப்பேன், கணக்குப் போடுவேன். நாளைக்குத் தனியா செய்யணும். எதை எதால கழுவணும்னே எனக்குத் தெரியாதுண்ணா."

"ரங்கநாதன் சாரைக் கேக்கறதுதானே?" என்றேன். அவர்தான் கெமிஸ்ட்ரி லெக்சரர்.

"அய்யய்யோ! 'பத்து மாசம் என்னடா கிழிச்சே'ன்னு இங்கிலீஷ்ல கேப்பாரு. அதுக்கு நான் இங்கிலீஷ்ல பதில் சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையும் வந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் — லெக்சரர் நிற்கிற பக்கம் — போய் நின்றேன். சத்தியமாக. அந்தப் பக்கம் போய்த்தான் நின்றேன்.

"இது பியூரெட்டு. இதுல ஆசிட் ஊத்தப் போறே. அதனால தண்ணியில கழுவிட்டு, கொஞ்சம் ஆசிட் விட்டு அலசிக் கொட்டிடணும். தண்ணி ஒட்டிக்கிட்டு இருந்தா ஆசிட் வீக் ஆயிடும். புரியுதா?"

"புரியுதுண்ணா."

"இது பிப்பெட்டு. இதுல காஸ்டிக் சோடா, அதான் ஆல்கலி, உறிஞ்சப் போறே. அதனால காஸ்டிக்கால அலசணும்."

"சரிண்ணா. அப்புறம் இந்தக் கோனிகல் ஃபிளாஸ்கு?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் ஜூலையில் முதல் பிராக்டிகல் வகுப்பில் ரங்கநாதன் சார் இந்தப் பாடத்தை நடத்துவார். பியூரெட், பிப்பெட் வரைக்கும் நான் கூடவே நின்று கேட்பேன். அது முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "டிஸ்டில்டு வாட்டர் கொண்டு வாப்பா" என்பார். நான் பெரிய ஜாடியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது பாடம் முடிந்திருக்கும். நாலு வருஷமும் அப்படித்தான். ஃபிளாஸ்கைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? ஆனால் நான் மேசைக்கு எந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"அதுவும் அப்படித்தாண்டா! எதை எதுல ஊத்துறியோ அதால அலசணும். ஃபிளாஸ்கையும் காஸ்டிக்கால அலசு. ஒவ்வொரு தடவையும் அலசு. சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது."

பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். "நீங்க நெஜமாவே அரை புரொபசர்தாண்ணா" என்றான். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பரீட்சை. வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். சிட்டியில் ஒரு கல்லூரியில் புரொபசர். டை கட்டியிருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அவரோடு ரங்கநாதன் சார்.

பரீட்சை கடினமானதல்ல. பாட்டிலில் காஸ்டிக் சோடா கரைசல் கொடுப்போம். அதில் இருபது சி.சி. பிப்பெட்டில் எடுத்து ஃபிளாஸ்கில் விட வேண்டும். இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டால் ரோஸ் நிறம் வரும். பிறகு மேலே பியூரெட்டிலிருந்து ஆசிட்டைச் சொட்டு சொட்டாக விட வேண்டும். எந்தச் சொட்டில் ரோஸ் மறைகிறதோ அங்கே நிறுத்தி, எவ்வளவு ஆசிட் செலவானது என்று குறிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்து இரண்டு தடவை ஒரே ரீடிங் வந்தால் சரி. அதை வைத்துத்தான் கணக்கு.

தேவராஜுக்கு ரீடிங் ஒத்து வரவில்லை. ஒரு தடவை ஒன்று வந்தது. அடுத்த தடவை அதைவிடக் கூட. அதற்கடுத்த தடவை நடுவில் ஒன்று. நான் அவன் பின்னால் நடந்து போகும்போது தாளில் மூன்று எண் அடித்திருந்ததைப் பார்த்தேன். அவன் கழுத்து வேர்த்திருந்தது.

திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணாலேயே கேட்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் பார்க்காத சமயத்தில் கையைக் கிண்ணம் மாதிரி வைத்துச் சுழற்றிக் காட்டினேன். நன்றாக அலசு... இன்னும் நன்றாக அலசு...

பையன் ஃபிளாஸ்கில் காஸ்டிக்கை ஊற்றிச் சுழற்றிச் சுழற்றி அலசினான். கொட்டினான். மறுபடி அலசினான். அவன் பாட்டில் காலியாகிவிட்டது. கையைத் தூக்கி, "சார், சொல்யூஷன்" என்றான்.

எக்ஸாமினர் பக்கத்தில் வந்தார். "எல்லாருக்கும் பாதி பாட்டில் மிச்சம் இருக்கு. உனக்கு மட்டும் எங்கே போச்சு?"

"அலசினேன் சார்."

"எதை?"

"ஃபிளாஸ்கை சார்."

"ஃபிளாஸ்கை... காஸ்டிக்கால?" கண்ணாடியைக் கழற்றினார். "ஹூ டாட் யூ திஸ்? யாருய்யா உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

ரங்கநாதன் சாரின் முகம் கறுத்துவிட்டது. சொல்லிக்கொடுத்திருந்தால் அவர்தானே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? "தேவராஜ், நான் அப்படிச் சொன்னேனா?" என்றார்.

"இல்லை சார். அட்டெண்டர் அண்ணன் சொன்னாரு."

லேபில் இருந்த பதினைந்து பையன்களும் திரும்பிப் பார்த்தார்கள். எக்ஸாமினர் என்னை விரலால் கூப்பிட்டார்.

அந்த நேரத்தில் என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நியாயம் கேட்பதற்காக அல்ல. நாலு வருஷமாக நான் டெம்பரரி. பெர்மனென்ட் ஆர்டர் பிரின்சிபால் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. பரீட்சை விஷயமாக அட்டெண்டர் யாரும் மாணவர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தார்கள். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்.

"நீ சொன்னியாப்பா?"

"இல்லைங்க சார்."

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நான் நிறுத்தவில்லை.

"எனக்கு இதெல்லாம் என்ன சார் தெரியும்? நான் அஞ்சாவது படிச்சவன். பாட்டில் கழுவறவன்."

கைகூடக் கட்டிக்கொண்டேன். முந்தின நாள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பாடம் நடத்தியவன், ஒரே ராத்திரியில் ஒன்றும் தெரியாத பாமரனாகிவிட்டேன். படிப்பில்லாததற்காக வாழ்நாளெல்லாம் வெட்கப்பட்டவன் நான். அன்றைக்கு அதே படிப்பில்லாமையைக் குடையாக விரித்து அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

எக்ஸாமினர் உடனே நம்பிவிட்டார். ஏன் நம்ப மாட்டார்? என் காக்கிச் சட்டையில் ஆசிட் விழுந்த ஓட்டைகள். காலில் செருப்பில்லை. அவர் தேவராஜ் பக்கம் திரும்பினார்.

"உன் தப்புக்கு ஒரு படிக்காத ஆளு மேல பழி போடறியா? வெட்கமா இல்லை?"

வெட்கப்பட வேண்டியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

தேவராஜ் என்னைப் பார்த்தான். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லுவான் என நினைத்தேன். நான் கையைச் சுழற்றிக் காட்டியதைச் சொல்லுவான் என நினைத்தேன். பேச்சு வராத ஜாதி என்று சொன்னேனே... குனிந்து மறுபடி பியூரெட்டைப் பிடித்தான். குழாயை அதிகமாகத் திருகிவிட்டான்; ஆசிட் மொத்தமாகக் கொட்டிவிட்டது. மணி அடித்துவிட்டார்கள்.

பரீட்சை முடிந்து எல்லோரும் போன பிறகு கை கழுவிக்கொண்டே ரங்கநாதன் சார் என்னிடம் பேச ஆரம்பித்தார். பாவம், என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்.

"மனசுல வச்சுக்காதேப்பா. பயத்துல உன் பேரைச் சொல்லிட்டான். ஆனா அவன் செஞ்சது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோ. ஃபிளாஸ்குதான் இலை. காஸ்டிக்தான் சோறு. ஆசிட்தான் சாம்பார். ஒரு இலைச் சோத்துக்கு எவ்வளவு சாம்பார் செலவாகுதுன்னு பாக்கணும். அதுதான் பரீட்சை."

"சரிங்க சார்."

"வாளியில இருக்கிற சாம்பார்ல தண்ணி கலந்தா என்ன ஆகும்?"

"நீர்த்துப் போயிடும் சார்."

"அதனாலதான் பியூரெட்டை ஆசிட்டாலயே அலசறோம். ஆனா இலையில தண்ணி தெளிச்சா? தெளிச்சுட்டுத்தானே சாப்பிட உக்காருறோம்? சோறு கூடுதா, குறையுதா? ஒண்ணுமில்லை. அதனால ஃபிளாஸ்கைத் தண்ணியாலதான் கழுவணும். காஸ்டிக்கால கழுவினா, அளந்து போட்ட சோத்துக்கு மேல பழைய சோறு ஒட்டியிருக்கிற மாதிரி. அதுக்கும் சேத்து சாம்பார் செலவாகும். ஒவ்வொரு தடவையும் ஒட்டறது ஒவ்வொரு அளவு. ரீடிங் எப்படி ஒத்து வரும்?"

கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "ஆசிட்டும் பேஸும் ஒண்ணை ஒண்ணு தீத்துடும்ப்பா. அளவு சரியா இருந்தா ரெண்டும் மிச்சம் இருக்காது. உப்பும் தண்ணியும்தான் இருக்கும். அந்தச் சொட்டுலதான் ரோஸ் போறது."

அன்றைக்குத்தான் எனக்கு ஆசிட் என்றால் என்ன, பேஸ் என்றால் என்ன என்று புரிந்தது. முப்பத்திநாலு வயதில். ஒரு பையனின் வருஷத்தைக் கொட்டிக் கவிழ்த்த பிறகு. அவ்வளவு அழகான பாடம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முந்தின நாள் நான் போய்க் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார்.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாய் வரைக்கும் வந்தது. "சார்..." என்றேன். "என்னப்பா?" என்றார். "ஜாடியை எங்கே வைக்கட்டும் சார்?" என்று கேட்டேன்.

ஃபிசிக்ஸ் லேபில் முனுசாமி என்று ஒரு அட்டெண்டர் இருந்தான். சிட்டியிலிருந்து வருகிறவன். மத்தியானம் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா அரை புரொபசரு, மூஞ்சி தொங்கிகினு கீது?" என்றான். அவனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

அவன் சோற்றை உருட்டிக்கொண்டே யோசித்தான். "அந்தப் பையன் செப்டம்பர்ல எழுதி பாஸாயிடுவான். ஒனக்கு வேலை பூட்ச்சின்னா செப்டம்பர்ல திரும்பி வருமா? ஆர்டர் வர்ற நேரத்துல பேஜார் பண்ணிக்காத. வாய மூடிகினு இரு."

எனக்குத் தேவையாக இருந்ததும் அந்த வார்த்தைதான். நல்ல புத்தி சொல்கிற ஆள் வேண்டுமென்றால் கிடைப்பதில்லை. நமக்கு வேண்டிய புத்தியைச் சொல்கிற ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார்.

லேபில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். கையில் ஆசிட் பட்டால் உடனே சுரீர் என்று எரியும். குழாயடிக்கு ஓடுவோம். அதனால் பெரிய காயம் ஆகாது. காஸ்டிக் அப்படியில்லை. பட்டால் சோப்பு மாதிரி வழுவழு என்று இருக்கும். வலிக்காது. பிறகு கழுவிக்கொள்ளலாம் என்று தோன்றும். அதற்குள் தோலைத் தின்று உள்ளே போயிருக்கும். நான் சொன்ன பொய்யும் முதல் நாள் வழுவழு என்றுதான் இருந்தது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. தேவராஜ் தியரியில் நல்ல மார்க். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் ஃபெயில். ஜூன் மாதம் எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அந்தப் பாயசம் இறங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு செங்கல்பட்டு பாசஞ்சரில் ஏறினேன். கூடுவாஞ்சேரியில் இறங்கி அந்த அரிசி மில்லைத் தேடிப் போனேன். பையனிடமும் அவன் அப்பாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ரயிலில் உட்கார்ந்து வார்த்தைகளைக்கூடக் கோர்த்து வைத்திருந்தேன்.

மில் வாசலில் தேவராஜ் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். புருவத்தில் எல்லாம் உமித் தூசி. என்னைப் பார்த்தான். "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

"என்ன வேணும்?"

கோர்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "தவிடு..." என்றேன். "ரெண்டு படி தவிடு."

"தவிடு எதுக்கு? மாடு வாங்கிட்டீங்களா?"

"ஆமா..."

என்னிடம் மாடு இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குள் அவன் அப்பா உள்ளேயிருந்து வந்தார். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். நான் கல்லூரியில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் துண்டால் பெஞ்சைத் தட்டினார். "காலேஜ்லேர்ந்தா? உக்காருங்க சார், உக்காருங்க. டேய், ஒரு கோலி சோடா வாங்கியாடா!"

என்னை சார் என்று கூப்பிட்ட முதல் மனிதர் அவர்தான். அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், பையன் பரீட்சையில போனதுகூட எனக்குப் பெரிசில்லை. அங்கே யாரோ ஒரு ஏழைப்பட்ட மனுஷன் மேல பொய்யாப் பழி போட்டுட்டானாமே? கூடப் படிச்ச பையன் வந்து சொன்னான். அன்னிக்கு நாலு அடி வச்சேன். வாயே திறக்கலை. எங்க குடும்பத்துல யாரும் அப்படிக் கிடையாது சார். நீங்க அந்த அட்டெண்டரைப் பாத்தா நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

தேவராஜ் சோடா பாட்டிலோடு வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "இவர்தான்பா அது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தான். நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

நான் சோடாவைக் குடித்தேன்.

"சொல்றேங்க" என்றேன். தவிட்டை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியில் ஒரு வீட்டு மாட்டுத் தொட்டியில் அதைக் கொட்டிவிட்டுப் போனேன். அந்த வீட்டு அம்மாள் ஓடி வந்து, "யாருங்க நீங்க, நல்லாயிருப்பீங்க" என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

செப்டம்பரில் தேவராஜ் மறுபடி பிராக்டிகல் எழுத வந்தான். ஃபிளாஸ்கைத் தண்ணீரால் கழுவினான். ரீடிங் இரண்டாம் தடவையே ஒத்து வந்தது. ஒரு தடவை கை தூக்கி, "அட்டெண்டர், டிஸ்டில்டு வாட்டர்" என்றான். அண்ணா போய்விட்டது. பாஸ் செய்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அந்த வருஷத்து பி.எஸ்ஸி. இடங்கள் எல்லாம் ஜூலையிலேயே நிரம்பிவிட்டிருந்தன. மறு வருஷம் அவன் வரவில்லை. எந்த வருஷமும் வரவில்லை.

செப்டம்பரில் வந்த எக்ஸாமினர் வேறு ஒருவர். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். ஒரு தடவை கேட்டார்களே?

சில வருஷம் கழித்து மறுபடியும் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். மில் கைமாறியிருந்தது. கணக்கப்பிள்ளை குடும்பம் எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே யாருமில்லை. தாமதமாகப் போகிறவனுக்குக் கதவு மூடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. நான் போனேன், அவர்கள் இல்லை என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். அதையும் நான் செய்தேன்.

இந்தப் பத்திரிகை கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் கடையிலும் தொங்குகிறது என்று சொல்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் எத்தனை ஊருக்குப் போகிறதோ தெரியாது. எங்கேயாவது ஒரு பெரியவர், காதில் பென்சில் வைத்திருந்தவர், இதைப் படிக்கலாம். அவர் கண்ணில் படாவிட்டாலும் அவரைத் தெரிந்த யார் கண்ணிலாவது படலாம். அவருக்காக எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் மகன் யார் மேலும் பொய்யாகப் பழி போடவில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஃபிளாஸ்கைக் காஸ்டிக்கால் அலசச் சொன்னது நான். இல்லை என்று சொன்னதும் நான். உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்ததும் நான்தான்.

18 ஜூலை 1976, ஞாயிற்றுக்கிழமை.